தீ வேறு, சூடு வேறு

(ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதலில் இந்த மேசையைப் பாருங்கள். ஒரு அட்டைப்பெட்டி இருக்கிறது. உள்ளே நான்கு பழைய நூல் புடவைகள். அவற்றின் நடுவே மூடி போட்ட ஒரு எவர்சில்வர் பாத்திரம். கூட்டம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, பின்னால் இருக்கும் காவலர் வீட்டு அடுப்பில் அரைக் கிலோ பொன்னிப் பச்சரிசியைத் தண்ணீர் அளந்து ஊற்றிக் கொதிக்கவைத்தேன். கொதி வந்து ஐந்து நிமிடம் ஆனதும் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். நடுவில் வெள்ளையாக ஊசிமுனை போல அரிசி நின்றது. அப்படியே இறக்கி, புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். பேசி முடித்ததும் நீங்களே திறந்து பார்க்கலாம்.

இன்றைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘ஸ்லோ குக்கரும் சிக்கனச் சமையலும்’. அந்தக் கருவியைப் பற்றிச் சொல்கிறேன். ஆனால் கருவிக்குப் பின்னால் ஒரு சின்ன உண்மை இருக்கிறது. அது புரிந்துவிட்டால், கருவியை வாங்கலாமா வேண்டாமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். தீ வேறு, சூடு வேறு. உணவு வேவதற்குத் தேவை சூடு. தீ அந்தச் சூட்டை உண்டாக்கித் தருகிறது. சூடு உண்டான பிறகும் தீயை எரியவிட்டுக்கொண்டே இருப்பதில்தான் நம் காசு கரைகிறது.

கல்சட்டி கற்றுக்கொடுத்தது

எங்கள் வீட்டில் ஒரு கல்சட்டி இருந்தது. சேலத்துப் பக்கம் மாக்கல்லில் கடைந்தது. அம்மா அதில் வத்தக்குழம்பு வைப்பார். குழம்பு இன்னும் தண்ணியாக இருக்கும்போதே சட்டியை இறக்கித் தரையில் பிரிமணைமேல் வைத்துவிடுவார். அடியில் நெருப்பு இல்லை. ஆனாலும் குழம்பு தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும். குமிழி ஒவ்வொன்றாக வந்து உடையும், எண்ணெய் பிரிந்து ஓரத்தில் ஒதுங்கும். நாங்கள் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து பார்ப்போம். “இன்னும் கொதிக்குதேம்மா” என்றால், “அது தன் வேலையைப் பாத்துக்கும், நீ போய் உன் வேலையைப் பாரு” என்பார்.

அந்த ஒரு வரியில் இன்றைய பேச்சு முழுவதும் இருக்கிறது. கல்சட்டி கனமானது. சூடேற நேரம் எடுக்கும், ஆனால் ஏறிய சூட்டைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். அம்மாவுக்கு இயற்பியல் தெரியாது. எந்த நேரத்தில் இறக்கினால் மிச்ச வேலையைச் சட்டி முடிக்கும் என்பது மட்டும் கைக்குத் தெரிந்திருந்தது.

இப்படி எத்தனையோ நம்மிடம் இருந்தன. வறட்டித் தணலில் பகல் முழுவதும் பால் பானையை வைத்திருப்பார்கள். மாலையில் பால் சிவந்து, தடித்த ஆடை மிதக்கும். ஆம்பூர்ப் பக்கம் பிரியாணிக்குத் தம் போடுகிறவர்கள் அடுப்பின் விறகை இழுத்துவிட்டு, மூடிமேல் கங்கை அள்ளிப் போடுவார்கள். உள்ளே அரிசி அந்தச் சூட்டிலேயே பதத்துக்கு வரும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேளுங்கள், ‘ருக்மணி குக்கர்’ என்ற பெயர் அவர்களுக்கு நினைவிருக்கும். உயரமான உருளை, உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குப் பாத்திரங்கள், அடியில் கொஞ்சம் கரி. சோறு, பருப்பு, காய் எல்லாவற்றையும் வைத்து மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விடலாம். கல்கத்தாவில் இந்துமாதவ் மல்லிக் என்பவர் 1910இல் உருவாக்கிய ‘இக்மிக் குக்கர்’ இதே குடும்பத்தைச் சேர்ந்தது. மெதுவாகச் சமைக்கும் கருவி நமக்குப் புதிது இல்லை.

ஆவியாகப் போகும் காசு

இப்போது ஒரே ஒரு கணக்கு. பள்ளிக்கூடத்து நினைவு வந்து யாரும் பயப்பட வேண்டாம், எளிய கணக்குத்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 293 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கொதிக்கத் தொடங்கிய பிறகு அந்தத் தண்ணீர் முழுவதையும் ஆவியாக்க எவ்வளவு வேண்டும்? 2257 கிலோஜூல். கிட்டத்தட்ட எட்டு மடங்கு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மூடி போடாமல் கொதிக்கவிட்டதில் கால் லிட்டர் மட்டும் வற்றிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கால் லிட்டருக்குச் செலவான வெப்பம் ஏறக்குறைய 564 கிலோஜூல். தண்ணீரைக் கொதிக்கவைக்க ஆனதைப்போல கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உங்கள் சமையலறைச் சுவரிலும் ஜன்னல் கண்ணாடியிலும் படிகிற ஆவி, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கேஸ்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு முறை கொதிநிலை வந்துவிட்டால், தீயை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீரின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. தளதளவென்று கொதித்தாலும் 100தான், சிம்மில் வைத்து மெல்லக் குமிழி வந்தாலும் 100தான். பெரிய தீயில் பருப்பு சீக்கிரம் வெந்துவிடும் என்று நினைக்கிறோம். சீக்கிரம் வற்றுவது தண்ணீர்தான்.

இனி, உணவு வேவதற்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று பார்ப்போம். அரிசியின் மாவுப்பொருள் 65, 75 டிகிரிக்குள்ளேயே தண்ணீரை உறிஞ்சி இளகத் தொடங்கிவிடுகிறது. ஆட்டுக்காலிலும் நெஞ்செலும்பிலும் உள்ள கெட்டியான தசைநார், 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் இருந்தால் கரைந்து ஜெலட்டினாகி, பாயாவுக்கு அந்தக் கொழகொழப்பைக் கொடுக்கிறது. பருப்பும் கடலையும் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கும், கொதிநிலைக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. பின்னால் சொல்லப்போகும் ராஜ்மாவைத் தவிர, எதற்குமே பொங்கிப் பொங்கிக் கொதிப்பது கட்டாயமில்லை. தேவையான சூடு, தேவையான நேரம், இரண்டும் கிடைத்தால் போதும். நேரம் இலவசமாகக் கிடைக்கிறது. சூட்டுக்கு மட்டும் விலை உண்டு. ஆகவே சூட்டை வெளியே விடாமல் காத்துக்கொண்டு, நேரத்தைத் தாராளமாகக் கொடுத்தால் செலவு குறையும்.

வில்னா நகரத்து ரொட்டிக்கடை

ஸ்லோ குக்கர் பிறந்த கதையும் இதையேதான் சொல்கிறது. யூதர்களுக்குச் சனிக்கிழமை ஓய்வுநாள். வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் இருட்டும்வரை நெருப்பு மூட்டக் கூடாது. ஆனால் சனிக்கிழமை மதியம் சூடாகச் சாப்பிட வேண்டுமே? மொச்சை வகைகள், பார்லி, உருளைக்கிழங்கு, இறைச்சி எல்லாவற்றையும் ஒரு பானையில் போட்டு மூடி, வெள்ளிக்கிழமை மாலையே ஊர் ரொட்டிக்கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். ரொட்டி சுட்டு முடித்து நெருப்பு அடங்கிய அடுப்பில், மிச்சச் சூட்டில், அந்தப் பானை இரவு முழுவதும் இருக்கும். இந்த உணவுக்குப் பெயர் ‘சோலண்ட்’.

லிதுவேனியாவின் வில்னா பக்கத்து ரொட்டிக்கடை அடுப்பைப் பற்றித் தாய் சொல்லக் கேட்டு வளர்ந்தவர் இர்விங் நாக்ஸன் என்ற அமெரிக்கர். ரொட்டிக்கடை இல்லாத வீட்டிலும் அந்த அடங்கிய சூடு கிடைக்க வேண்டும் என்று, ஒரு பாத்திரத்தைச் சுற்றி மின்கம்பிச் சுருளை அமைத்தார். 1936இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1940இல் கிடைத்தது. ‘நாக்ஸன் பீனரி’ என்ற பெயரில் விற்றார். 1970இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, 1971இல் ‘கிராக் பாட்’ என்று பெயர் மாற்றிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது. 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் தயார் என்ற பாத்திரம் வீடு வீடாக நுழைந்தது.

மின்சாரமே இல்லாமல் இதைச் செய்தவர்களும் உண்டு. 1867ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் நார்வேக்காரர் ஒருவர் வெப்பம் போகாத பெட்டி ஒன்றை வைத்துச் சமைத்துக் காட்டினார். பிரிட்டனில் இரண்டு உலகப் போர்களின்போதும் எரிபொருள் தட்டுப்பாடு வந்ததும், வைக்கோல் அடைத்த பெட்டியில் பானையை வைத்து மூடும் பழக்கம் வீடுகளில் பரவியது. நமக்குப் பக்கத்தில் கேரளத்தில், 1962இல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் இதை ஒரு மக்கள் இயக்கமாகவே கொண்டுபோனது. அவர்கள் வைத்த பெயரைக் கேளுங்கள்: ‘சூடாறாப்பெட்டி’. மலையாளச் சொல்தான், ஆனால் நமக்கு அகராதி வேண்டியதில்லை. சூடு ஆறாத பெட்டி. இந்த மேசைமேல் இருப்பதும் அதுதான்.

எங்கே லாபம், எங்கே இல்லை

இனிக் கணக்கு வழக்குக்கு வருவோம். ஸ்லோ குக்கர் என்பது கனமான பீங்கான் பாத்திரம், அதைச் சுற்றிச் சிறிய மின்சூடேற்றி, மேலே கண்ணாடி மூடி. அடியில் ‘வாட்’ எழுதியிருப்பார்கள். அதை மணிக்கணக்கால் பெருக்கி 1000ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். 150 வாட், எட்டு மணி நேரம் என்றால் 1200, வகுத்தால் 1.2 யூனிட். வாரத்துக்கு இரண்டு நாள் இப்படிச் சமைத்தால், இரண்டு மாதக் கணக்கெடுப்பில் 20 யூனிட்டுக்குச் சற்று மேல்.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் விலையில்லாமல் கிடைக்கிறது. அந்த எல்லைக்குள் முடித்துக்கொள்ளும் சின்னக் குடும்பத்துக்கு இந்த 20 யூனிட் பெரிய சுமையாக இருக்காது. ஏற்கெனவே மின்கட்டணத்தின் மேல் படிக்கட்டில் நிற்கிற வீட்டுக்கோ ஒவ்வொரு யூனிட்டும் உயர்ந்த விலையில் வரும். ஆகவே, வாங்குவதற்கு முன் போன கணக்கெடுப்பின் அட்டையை எடுத்து ஒரு முறை பாருங்கள்.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் நம் பிள்ளைகள் இறைச்சியை மின்சார ஓவனில் மூன்று மணி நேரம் வைப்பார்கள். ஓவன் 2000 வாட்டுக்கு மேல் இழுக்கும். விட்டுவிட்டு எரிந்தாலும், ஸ்லோ குக்கர் ஒரு பகல் முழுவதும் எடுப்பதைவிட அது அதிகம் எடுத்துவிடும். அங்கே ஸ்லோ குக்கர் தெளிவான லாபம். நம் வீட்டில் அதற்குப் போட்டி பிரஷர் குக்கர். 1679இல் டெனிஸ் பாப்பின் என்பவர் கண்ட வழி அது: ஆவியை அடைத்துவைத்தால் அழுத்தம் கூடும், தண்ணீர் 120 டிகிரி அளவுக்குச் சூடேறும். துவரம் பருப்பு பத்து, பதினைந்து நிமிடத்தில் குழைந்துவிடும். ஊறவைத்த பருப்பைப் பிரஷர் குக்கரில் வேகவைக்கிறவர் அதற்காக ஸ்லோ குக்கர் வாங்கினால் ஒரு காசும் மிச்சமாகாது. இதை நான் வெளிப்படையாகச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்தப் பிரஷர் குக்கரிலும் நாம் விரயம் செய்கிறோம். முதல் விசில் வந்ததும் தீயைச் சிறியதாக்கிவிட வேண்டும். விசில் என்பது வேண்டாத ஆவி வெளியேறும் சத்தம். எண்ணி எண்ணி ஆறு விசில் விடுவது ஆறு முறை கேஸை வெளியே ஊதுவதுபோல. கடைசியில் அடுப்பை அணைத்துவிட்டு, வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாமல் தானாக அடங்கவிடுங்கள். அந்தப் பத்து நிமிடமும் உள்ளே பருப்பு வெந்துகொண்டுதான் இருக்கும். கல்சட்டி செய்த அதே வேலை.

அப்படியானால் ஸ்லோ குக்கர் யாருக்கு? ஆட்டுக்கால் பாயா, எலும்பு சூப்பு, நோன்புக் கஞ்சி போல மணிக்கணக்காகக் கிடக்க வேண்டியவற்றை அடிக்கடி சமைக்கிற வீட்டுக்கு. காலையில் இருவரும் வேலைக்குப் போய், மாலையில் வந்ததும் சூடான சாப்பாடு வேண்டும் என்கிற வீட்டுக்கு. அடுப்படியில் நிற்க முடியாத வயதானவர்களுக்கு. அவர்களுக்கு மிச்சமாவது பணத்தோடு நேரமும், கால்வலியும்.

எரிசக்தி என்று பார்த்தால் இன்னொரு படி மேலே போக வேண்டும். நிலக்கரி எரியும் அனல்மின் நிலையத்தில், எரிப்பதன் வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. வீட்டில் ஒரு யூனிட் செலவழித்தால் எங்கோ மூன்று யூனிட் அளவு நிலக்கரியின் வெப்பம் செலவாகியிருக்கும். கேஸ் அடுப்போ, இந்தியத் தரநிர்ணயப்படி குறைந்தது 68 சதவீத வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுத்தாக வேண்டும். எனவே பணத்தை மிச்சம் பிடிப்பதும் எரிசக்தியை மிச்சம் பிடிப்பதும் எப்போதும் ஒன்றாக வராது. இரண்டையும் ஒரே நேரத்தில் மிச்சம் பிடிப்பது இந்த அட்டைப்பெட்டி. பாத்திரத்தை உள்ளே வைத்த பிறகு இதற்கு மின்சாரமும் வேண்டாம், கேஸும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியவை

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அமெரிக்காவிலிருந்து வந்த உறவுப் பெண் ஆசையாக ஒரு ஸ்லோ குக்கர் கொண்டுவந்தாள். பிளக்கை மட்டும் மாற்றிச் சொருகினோம். சில நிமிடத்தில் கருகல் வாடை, பீங்கான் பாத்திரத்தில் நீளமாக ஒரு விரிசல். அந்த நாட்டில் 120 வோல்ட், இங்கே 230. வோல்ட் இரண்டு மடங்கானால் சூடேற்றி இழுக்கும் மின்திறன் இரண்டு மடங்கில் நிற்காது, நான்கு மடங்கை நெருங்கும். பிளக்கை மாற்றினால் வோல்ட் மாறாது. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தச் சூடேற்றும் கருவியானாலும் அடியில் எழுதியிருக்கும் எண்ணைப் படிக்காமல் சொருகாதீர்கள்.

அடுத்தது ராஜ்மா. சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். 80 டிகிரிக்குக் கீழே மெதுவாக வெந்தால் அழியாது. பச்சையாக இருப்பதைவிட நச்சு கூடவும் செய்யலாம். சில மணி நேரத்தில் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். ஆகவே ராஜ்மாவை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே ஸ்லோ குக்கருக்கோ பெட்டிக்கோ மாற்ற வேண்டும். இங்கே மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது.

மூன்றாவது, வெதுவெதுப்பு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சமைத்த உணவு 60க்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குப் போக வேண்டும். நடுவில் மணிக்கணக்காகக் கிடக்கக் கூடாது. உறைந்த இறைச்சியை நேராக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள், முழுவதும் இளகிய பிறகு போடுங்கள். வீட்டில் ஆள் இல்லாதபோது மின்தடை வந்து, உணவு வெதுவெதுப்பாக எவ்வளவு நேரம் கிடந்தது என்றே தெரியவில்லை என்றால், மனம் கேட்காவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

கடைசியாக, சமையல் அறிந்த அம்மாக்களுக்குத் தெரிந்ததுதான். புளி சேர்த்தால் பருப்பு வேகாது. புளிப்பு பருப்பின் தோலையும் உள்தசையையும் இறுக்கிவிடும். உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் அதிலுள்ள கால்சியமும் அதையே செய்யும். மெதுவான சமையலில் இது இன்னும் நன்றாகத் தெரியும். பருப்பு குழைந்த பிறகு புளியைக் கரைத்து ஊற்றுங்கள். பருப்பு வேகவைக்க மட்டுமாவது நல்ல தண்ணீர் பிடித்து வையுங்கள்.

பெட்டி செய்யும் முறை

இதைக் குறித்துக்கொள்ளுங்கள், எழுத நேரம் தருகிறேன். பாத்திரத்தைவிட எல்லாப் பக்கமும் நான்கு விரல்கடை பெரியதாக ஒரு அட்டைப்பெட்டியோ மூங்கில் கூடையோ எடுங்கள். அடியிலும் பக்கத்திலும் வைக்கோல், பழைய நூல் புடவை, கிழிந்த போர்வை, எது கிடைத்தாலும் நெருக்கமாக அடையுங்கள். சூட்டைக் காப்பது துணிகூட இல்லை, துணி மடிப்புகளுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. மேலே போட ஒரு தலையணை தனியாக வேண்டும், சூடு அதிகமாக மேல்பக்கம்தான் தப்பிக்கும். தெர்மோகோல் வைப்பதானால் சூடான பாத்திரம் அதைத் தொடக் கூடாது, உருகிவிடும். நடுவில் கனத்த துணி இருக்கட்டும். விறகடுப்பில் வைத்த பானையானால் அடியில் கங்கு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து, ஈரத்துணியால் துடைத்த பிறகே பெட்டியில் வையுங்கள். வைக்கோலில் ஒரு பொறி விழுந்தால் போதும்.

பாத்திரம் முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். பாதிப் பானை சீக்கிரம் ஆறிவிடும். ஆவியாகிப் போகாததால் தண்ணீர் கொஞ்சம் குறைத்து வையுங்கள். பச்சரிசிக்குக் கொதி வந்து ஐந்து நிமிடம், பெட்டியில் அரை மணியிலிருந்து முக்கால் மணி. புழுங்கலரிசிக்குப் பத்து நிமிடம், பெட்டியில் ஒரு மணி நேரம். ஊறவைத்த துவரம் பருப்புக்குப் பத்து நிமிடம், பெட்டியில் ஒன்றரை மணி. இரவு ஊறிய கொண்டைக்கடலைக்குக் கால் மணி நேரக் கொதி, பெட்டியில் மூன்று, நான்கு மணி. பருப்பையும் கடலையையும் சாப்பிடும் முன் ஒரு முறை அடுப்பில் ஏற்றிக் கொதிக்கவிடுங்கள். நடுவில் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்த்துவைத்த சூடு ஓடிவிடும். முதல் இரண்டு, மூன்று முறை முன்னேபின்னே ஆகலாம். உங்கள் பெட்டியின் குணம் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

எவ்வளவு மிச்சம் என்று என்னைக் கேட்காதீர்கள், உங்கள் வீட்டுக் காலண்டரைக் கேளுங்கள். சிலிண்டர் மாற்றிய தேதியை நாம் எல்லோரும் காலண்டரில் குறிப்போம். இந்தச் சிலிண்டர் எத்தனை நாள் வந்தது, பெட்டி வந்த பிறகு அடுத்தது எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். 14.2 கிலோ அதிலும் அதேதான், இதிலும் அதேதான். கூடுதலாக வரும் நாட்கள் உங்கள் சம்பாத்தியம்.

நான் ஏன் இதை இவ்வளவு வற்புறுத்துகிறேன்? வீட்டுக்குள் விறகு, வறட்டி போன்றவை எரிவதால் வரும் புகை 2020இல் உலகில் ஏறக்குறைய 32 லட்சம் உயிர்களைக் கொண்டுபோனது என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. சிலிண்டர் வாங்கிவிட்டு, விலை தாங்காமல் பாதி நாள் விறகுக்குத் திரும்புகிற வீடுகள் நம் ஊரிலும் இருக்கின்றன. அந்த வீட்டில் ஒரு பெண் முக்கால் மணி நேரம் ஊதுகுழலோடு உட்காருவதற்குப் பதில் கால் மணி நேரம் உட்கார்ந்தால், மிச்ச அரை மணி நேரப் புகை அவள் நெஞ்சுக்குள் போகாது. சுமந்துவர வேண்டிய விறகும் குறையும். பழைய புடவையும் அட்டைப்பெட்டியும் இல்லாத வீடு எது? இதற்குத் திட்டம் வேண்டாம், மானியம் வேண்டாம், யாரிடமும் விண்ணப்பம் போட வேண்டாம். தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொன்னால் போதும்.

என் அம்மா காலமாகிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. கல்சட்டி இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதை இறக்கி வைத்துக் குழம்பு கொதிப்பதைப் பார்க்கும்போதெல்லாம், வகுப்பறையில் நான் முப்பது ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிய வெப்பவியல், அந்தப் பிரிமணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதலில் படித்தது என்று தோன்றும்.

சரி, பெட்டியைத் திறப்போம். முன்வரிசையில் இருக்கும் அம்மா, தயவுசெய்து மேடைக்கு வாருங்கள். தலையணையை எடுங்கள். புடவையைப் பிரிக்கும்போது கை சுடும், பார்த்து. மூடியைத் திறங்கள்.

(பாத்திரத்திலிருந்து ஆவி எழுந்தது. மேடைக்கு வந்த அம்மையார் கரண்டியால் ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலில் நசுக்கிப் பார்த்து, “நடுவுல ஒண்ணுமில்ல டீச்சர், நல்லா வெந்திருக்கு” என்றார்.)

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கொதி வந்து ஐந்து நிமிடம்வரை எரிந்த தீயில் ஏறிய சூடுதான் நான் பேசிய நேரமெல்லாம் உள்ளே வேலை பார்த்திருக்கிறது. காவலர் வீட்டுத் தங்கை ரசம் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். எல்லோருக்கும் ஒரு கரண்டியாவது வரும். இருந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள். வீட்டுக்குப் போனதும் பழைய புடவைகளை எடுத்து வையுங்கள்.